அத்தானின் ரத்தம்

“எந்திரிங்க. இம்புட்டுப் பெரிய மீசையை வச்சிக்கிட்டு ஊசிக்குப் பயப்படுதீகளே! பாக்கவுக சிரிக்காக.”

செல்வலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் புருஷன் லிங்கேஸ்வரன் மதுரை ஆஸ்பத்திரி ரத்த வங்கி வாசலில், நாற்காலியோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகு நனைந்து கிடந்தது.

மாடியில் அவள் தம்பி முத்துப்பாண்டி ஆக்சிஜனில் கிடக்கிறான். கொரோனா வந்து தேறினவர்கள் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவளுக்குப் போன உயிர் வந்தது. புருஷன்தான் வந்து தேறின ஆளாயிற்றே! ரத்தமும் அதே குரூப். வேறென்ன வேண்டும்?

இந்த ஆளோ காரில் ஏறியதிலிருந்து டீ குடிக்கணும், ஒண்ணுக்கு இருக்கணும் என்று வழியெல்லாம் வண்டியை நிறுத்திக்கொண்டே வந்தான்.

“எனக்கு வந்து ரொம்ப நாளாச்சேட்டி. ரத்தத்துல அது இன்னும் இருக்குமா?”

“இருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க என்ன, அவருக்கு மேல படிச்சவுகளா?”

தம்பி பெண்டாட்டி பாண்டீஸ்வரி எதிர் பெஞ்சில் இருந்தாள். “அவிய நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல மதினி. ரசங்கூட பச்சத்தண்ணி மாதிரி இருக்காம். நாக்குல ருசியே இல்லையாம்” என்று மூக்கை உறிஞ்சினாள். “அண்ணன் மட்டும் மனசு வச்சா...”

செல்வலட்சுமிக்கு மானம் போனது. அவள் புருஷன் படுத்திருந்த அந்த இரண்டு வாரம் கண்முன்னே வந்து நின்றது. மில்லில் ஆள் இல்லையென்று அவனை இரட்டை ஷிப்ட் பார்க்கச் சொல்லிக் கழுத்தை நெரித்த நேரம். “பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஒந்தம்பி வீட்டுக்குப் போயிரு” என்று அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிட்டு, ராஜபாளையம் வீட்டில் அவன் தனியாக இருந்தான்.

தினமும் வண்டியில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்தது முத்துப்பாண்டிதான். அதற்கும் புருஷன் ஜன்னல் வழியே, “மாப்ள, நேத்துக் குழம்புல உப்புக் கூட. மீனுக்கு இன்னுங் கொஞ்சம் புளி விடச் சொல்லு” என்று குறை சொல்லி அனுப்புவான்.

“ஒனக்கும் ஒட்டிக்கிடப் போகுதுலே” என்று அவள் பயப்படுவாள். தம்பி சிரிப்பான். “எனக்கெல்லாம் ஒட்டாதுக்கா. நீ பேசாம குழம்ப ஊத்து.”

அப்படிச் சோறு சுமந்தவனுக்காக ஒரு ஊசி குத்திக்கொள்ள இந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை.

நர்ஸ் பியூலா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “வாங்க சார். மொதல்ல கொஞ்சூண்டு ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு பாப்போம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

“செத்த இருங்கம்மா. மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்.” செல்போனைப் பெண்டாட்டி கையில் திணித்துவிட்டு அவன் பாத்ரூம் பக்கம் நடந்தான்.

பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “அண்ணனுக்கு இஷ்டமில்லேன்னா விட்ருங்க மதினி.”

அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது செல்வலட்சுமிக்கு.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மாடியிலிருந்து தம்பிதான். எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

“அத்தான், நாந்தேன். பயப்படாதீக. வேற ஆளப் பாக்கச் சொல்லி டாக்டர்ட்ட சொல்லிட்டேன். உங்களுக்குக் கொரோனாவே வரலைன்னு, உப்புக் கூடன்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

இருமல் வந்து அவன் பேச்சை அடைத்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

“அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”