மூன்றாவது தடவை

“மறுபடியும் இடுப்பைப் பிடிக்கணுமா? முடியாதுங்க!” என்று மேகனாவின் யூனிபார்ம் சுடிதாரைத் திருப்பித் தள்ளினார் ஸ்ரீரங்கம் டெய்லர் பிச்சமுத்து.

அவள் அம்மா யமுனாவுக்குச் சுருக்கென்றது. “பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு. டயட்ல இருக்கா. உங்களுக்கென்ன?”

“ரெண்டு மாசத்துல மூணாவது தடவைம்மா. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அவர் வாயை அடைக்கத்தான் மகளை டாக்டரிடம் கூட்டிப் போனாள். புற்றுநோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டது.

பத்து மாத சிகிச்சை முடிந்து, அதே சுடிதாரோடு வந்தாள் யமுனா.

“பிரிச்சு விடுங்கண்ணே. மேகனா மேடம் குண்டாயிட்டாங்க!”

“பேஷா!” பிச்சமுத்துவின் கத்தரி சந்தோஷமாய்த் தையலைப் பிரித்தது.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

சுவரில் தொங்கிய பழைய யூனிபார்மைக் காட்டினார். இடுப்பில் மூன்று தையல்.

“என் பொண்ணோடது. மூணு தடவையும் நானேதான் பிடிச்சுக் கொடுத்தேன். பிரிச்சு விடத்தான் கொடுத்துவைக்கலைம்மா.”