விட்டுக்கொடுத்த பந்துகள்

ஸ்காட்லாந்தில், எங்கள் ஃபைஃப் கடற்கரை கோல்ஃப் கிளப்பில், ஆடுமுன் ஆளுக்கொரு வலியைச் சொல்லிவிடுவது வழக்கம். தோற்றால் பழிபோட ஒரு மூட்டு வேண்டுமே.

கோப்பைக்கான இறுதிப் போட்டி. ஜெயித்தால் கிளப் சுவரில் பொன்னெழுத்தில் பெயர் ஏறும். ஓய்வுபெற்ற வக்கீலான நான் அதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவன். எதிராளி, மீன்கடை டூகல். எனக்கு முழங்கால் வலி என்று அவனிடம் சொல்லிவைத்தேன். வலியெல்லாம் ஒன்றுமில்லை.

முதல் குழிக்கு ஒரு முழம் முன்னால் என் பந்து நின்றது.

"குனியாதேய்யா, கில்கிறிஸ்ட். போட்டதா வச்சுக்கோ," என்றான் டூகல். குழிக்குக் கிட்டே நிற்கும் பந்தை, அடிக்காமலே விழுந்ததாக அப்படி விட்டுக்கொடுக்க எதிராளிக்கு உரிமை உண்டு.

அடுத்த குழியிலும் அதேதான். "பாவம், இந்த முட்டியோட எப்படித்தான் படியேறுறியோ."

எனக்கு மனசு குறுகுறுத்தது. பதிலுக்கு, அவனுடைய பந்து இரண்டு முழத்தில் நின்றபோது விட்டுக்கொடுத்தேன். அவன் தைலம் நீட்டினான். நான்கு முழத்தில் விட்டுக்கொடுத்தேன். என் பையையும் சேர்த்துத் தூக்கினான். ஆறு முழத்தில் விட்டுக்கொடுத்தேன்.

டூகல் ஜெயித்துவிட்டான்.

கிளப் பாரில் என்னால் தாங்க முடியவில்லை. "டூகல், என் முட்டிக்கு ஒண்ணுமில்ல. பொய் சொன்னேன்."

"தெரியும்யா. முதல் குழியிலயே கால மாத்தி மாத்தி நொண்டினே."

"அப்புறம் ஏன் அவ்வளவு உபகாரம்?"

அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் அது நடுங்கியது.

"மணிக்கட்டு போச்சு. ஓங்கி அடிச்சுடுவேன், கிட்டத்துல உருட்டத்தான் வராது. நீ விட்டுக்கொடுத்தாத்தான் உண்டு. வக்கீலுக்கு மனசாட்சி இருக்குமாங்கிறதுதான் எனக்கு ஒரே பயம்."