பாம்பு இருக்கும் மூலை

“பாம்பாவது, பல்லியாவது. உடம்பு வணங்காத தோட்டக்காரன் கட்டிவிட்ட கதைம்மா அது. நீ எழுது” என்றார் மேனேஜர்.

எழுதினாள். அந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் அவள் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அதனால் மனு என்றால் அவள் தலையில்தான் விழும்.

ஆபீஸுக்கு எதிரே பூங்கா. அதில் நல்ல நிழலாக ஒரு மூலை. சுற்றிலும் ஆள் உயரச் செடிவேலி. ‘நல்ல பாம்பு நடமாட்டம். உள்ளே போகாதீர்கள்’ என்று ஒரு போர்டு. சாப்பிட்ட பிறகு கால் நீட்ட இடம் தேடும் ஆபீஸ்காரர்களுக்கு அந்த நிழல்மேல் ஒரு கண்.

‘பாம்பு இருந்தால் பிடியுங்கள். இல்லையென்றால் மூலையைத் திறந்துவிட்டு, புளுகிய தோட்டக்காரரை வேலையை விட்டு எடுங்கள்.’ இதுதான் மனு. முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்து அவளுடையது.

அவளைப் பொறுத்தவரை பாம்பு இருந்தது. புத்தகத்தில் பாம்புப் படம் வந்தால்கூட அந்தப் பக்கத்தைக் கையால் தொடமாட்டாள்.

அது நடந்து பத்து நாள் ஆகிவிட்டது. இன்றைக்குப் பூங்கா அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று மேனேஜர் காலையிலேயே சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. பிரசவ லீவு முடிந்து வந்து இரண்டு வாரம். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை மூன்று நாளாகப் புட்டிப்பாலைத் துப்பிக்கொண்டிருந்தது.

“ஒரு மணிக்குப் பூங்காவுக்குத் தூக்கிட்டு வந்துடறேன் அண்ணி. கேட் பக்கத்து பெஞ்சுல இருப்பேன்” என்றிருந்தாள் நாத்தனார்.

ஒன்றடித்ததும் ஓடினாள். பெஞ்சில் பை மட்டும் இருந்தது.

போன் போட்டாள். பைக்குள்ளேயே மணி அடித்தது.

“சார், கைக்குழந்தையோட ஒரு பொண்ணு இங்க இருந்தாளா?”

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “இருந்துச்சு. குழந்தை ஒரே அழுகை. தோட்டக்காரன் வந்து என்னமோ சொன்னான். அவன் பின்னாடியே அந்த மூலைக்குப் போயிடுச்சு.”

“எந்த மூலைக்கு?”

“பாம்பு போர்டு இருக்கே, அங்கதான். இவனே போர்டை வெச்சுட்டு இவனே கூட்டிட்டுப் போறானேன்னு நானும் பார்த்தேன்.”

பாம்பை நினைத்துப் பயப்படுவதா, அந்த ஆளை நினைத்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை. ஓடினாள். வழியில் குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது.

வேலிக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. உள்ளே காய்ந்த இலை சரசரத்தது. குழந்தை வீறிட்டது. சட்டென்று அந்த அழுகையும் நின்றது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு செடியைப் பிளந்து உள்ளே விழுந்தாள்.

“அண்ணி, மெதுவா. இப்பதான் அழுகையை நிறுத்துச்சு” என்றாள் நாத்தனார்.

கண்ணைத் திறந்தாள். குழந்தையின் தலையில் ஒரு போலீஸ் தொப்பி. தொப்பிக்குச் சொந்தக்காரியான டிராஃபிக் போலீஸ்காரம்மா ஷூவைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைச் செங்கல்மேல் தூக்கி வைத்திருந்தார். செங்கல் அடுக்கிப் போட்ட பழைய கதவுப் பலகையில் இரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைச் சீருடையில் ஒரு பெண் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாம்பு?” என்றாள்.

“பாம்பெல்லாம் இல்லக்கா. உக்காந்து பால் குடுங்க” என்றாள் துணிக்கடைப் பெண். “கடையில பத்து மணி நேரம் நிக்கணும், ஒரு ஸ்டூல் கிடையாது. இங்க கொஞ்ச நேரம் உக்காந்தாத்தான் சாயந்திரம் வரைக்கும் தாங்கும்.”

“அப்ப அந்த போர்டு?”

“தோட்டக்கார அண்ணன் முதல்ல ‘பெண்களுக்கு மட்டும்’னுதான் வெச்சார். அன்னிக்கே நாலு ஆம்பளைங்க எட்டிப் பார்த்தாங்க. பாம்புன்னு மாத்தினார். ஒருத்தர்கூட வரல.”

குழந்தை பசியோடு குடித்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“இன்னிக்கோட சரி” என்றார் போலீஸ்காரம்மா. “எதிர் ஆபீஸ்ல எவளோ மனு எழுதிட்டாளாம். இந்த இடமும் போச்சு, அந்த மனுஷன் வேலையும் போச்சு.”

அவள் நிமிரவே இல்லை.

வேலிக்கு வெளியே குரல் கேட்டது. மேனேஜருடைய குரல்தான். “நானே உள்ள போய்க் காட்டறேன் சார், பாருங்க.”

குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை, தலையெல்லாம் இலை. மேனேஜர் உள்ளே நுழைய ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அதிகாரி கையில் மனு இருந்தது. தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயா? உள்ளேர்ந்தா வரே? சொல்லும்மா, பாம்பு இருக்கா இல்லையா?” என்றார் மேனேஜர்.

“இருக்கு சார். ஒண்ணு இல்ல, ரெண்டு. என் கண்ணால பார்த்தேன்.”

அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. மேனேஜரின் கால் தானாகக் கீழே இறங்கியது.

“பாம்பு பிடிக்கிறவருக்கு எழுதிப் போடறேன். ஆள் வர எப்படியும் ஒரு வருஷம் ஆகும்” என்று அதிகாரி நாலடி பின்னால் போனார். “அதுவரைக்கும் அந்தப் பக்கமும் ஒரு போர்டு வைப்பா. கொட்டை எழுத்துல.”

“சரிங்க சார்” என்றார் தோட்டக்காரர். அவளைப் பார்த்தார்.

மறுநாள் இரண்டாவது போர்டு ஏறிவிட்டது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. மனுவில் இருந்த அதே எழுத்து.