ஏழு தயிர்ச் சட்டிகள்

"உங்கட கை பட்டாப் பயறே முளைக்காது. இதில கத்தாழைய விதை போட்டு வளர்க்கப் போறீங்களாக்கும்."

பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே கலாஜினி தன் புருஷனிடம் இப்படிச் சொன்னாள்.

ஆட்டோ ஓட்டும் விஜிதரன் தயிர்ச் சட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். தன்னாமுனையில் யார் தென்னம்பிள்ளை வைத்தாலும் அவனைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். அவன் நட்ட முருங்கைக் கம்புகூடப் பட்டுப்போனதை ஊரே பார்த்திருக்கிறது. கைராசி இல்லாதவன் என்று பெயர் வாங்கிவிட்டான்.

அந்தப் பெயரை அழிக்கத்தான் இந்த ஆனைக்கற்றாழை விதைகள். ஏறாவூரில் செடிக்கடை வைத்திருக்கும் சிநேகிதன் நஸீர் கொடுத்தவை. ஏழு தயிர்ச் சட்டிகளில் ஓட்டை போட்டு, மணலும் மண்ணும் கலந்து, விதையைத் தூவி, மேலே பொலித்தீன் கட்டி வைத்தான்.

ஒரு மாதமாயிற்று. கறுப்பு விதை கறுப்பாகவே கிடந்தது.

"இன்னும் பத்து நாள் பாப்பன். வராட்டிக் கொட்டிடுவன். ஊர் சொல்றது சரிதான் போல." அவனுக்கு அன்று சோறே இறங்கவில்லை.

"கொட்டுங்க. சட்டியாவது மிஞ்சும்" என்றாள் கலாஜினி.

இவளெல்லாம் ஒரு பெண்சாதியா என்று அன்னப்பூரணி அக்காவுக்கே கோபம் வந்தது.

பத்தாம் நாள் காலை விஜிதரன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஏழு சட்டிகளிலும் ஊசி ஊசியாய்ப் பச்சை முளைகள்.

இரண்டு நாள் கழித்து நஸீர் பார்க்க வந்தான். ஒரு முளையைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனவன் நிமிர்ந்து பார்த்தான். விஜிதரனுக்குப் பின்னால் நின்ற கலாஜினி இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டாள். அவள் களுதாவளைக்காரி. தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம்.

நஸீர் இருமிச் சமாளித்தான். "நல்ல சாதி மச்சான். உனக்குக் கைராசிதான்."

அவன் போனதும் விஜிதரன் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தான்.

"மாமாக்கிட்ட எவ்வளவு வெங்காய விதை வாங்கினாய்?"

கலாஜினிக்கு முகம் வெளிறிப்போயிற்று. "எப்ப தெரியும்?"

"முளைச்ச அண்டைக்கே. மணம் காட்டிக் குடுத்திட்டு."

"மறுகா ஏன் கொட்டாம வெச்சிருக்கீங்க?"

"வாயால ஏசிக்கொண்டு, களவாத் தூவித் தண்ணியும் தெளிச்சிருக்காய். அத எப்படிக் கொட்ட மனம் வரும்?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அழாத புள்ள. கொட்டாம விட்டதாலதான் இண்டைக்கு இதக் கண்டன்." சட்டியின் நடுவில் கட்டையாய் நின்ற ஒரு முளையைக் காட்டினான். "நுனிய மெல்லத் தேய்ச்சு மணந்து பார்."

கலாஜினி மணந்தாள். நம்பாமல் இன்னொரு தரம் மணந்தாள்.

அந்த ஒன்றில் மட்டும் வெங்காய மணம் இல்லை.