பிரதிநிதியின் கடைசி வரி

பிலடெல்பியா, 1787. அரசியல் சாசனம் எழுத, சபை கூடுவதற்குப் பல வாரம் முன்பே வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த பிரதிநிதி பிரென்டிஸ், மனித சுதந்திரம் பற்றிய தன் உரையை ஜூடித்திடம் ஏழாவது முறையாகப் படித்துக் காட்டினார்.

“கடைசி வரி சப்புன்னு இருக்குங்க. திருத்துங்க,” என்றாள்.

“நாலு நாளா இதையேதான் சொல்றே. ஆத்தைத் தாண்டி நியூஜெர்சியில ஒரு நாள் தங்கிட்டு வரணும். காத்து மாறினா உனக்கும் நல்லது.”

“சபையே எழுந்து கைதட்ட வேண்டாமா?”

பிரென்டிஸ் உடனே பேனாவை எடுத்தார். மறுநாள் காலையில் படித்தார்.

“பிரமாதம்!” என்ற ஜூடித், மூட்டையோடு வாசலில் நின்றாள்.

“நியூஜெர்சிக்குத் தயாராயிட்டியா?”

“இல்லீங்க எஜமான். வெளியூர் அடிமையை இந்த மாகாணத்துல ஆறு மாசம் வச்சிருந்தா, அவளுக்கு விடுதலைன்னு சட்டம். நடுவுல ஒரு நாள் ஆத்தைத் தாண்டி வேற மாகாணம் போனா, கணக்கு மறுபடி முதல்லேர்ந்து. நேத்தோட ஆறு மாசம் முடிஞ்சுது. எட்டு தடவை சுதந்திரம்னு எழுதினீங்களே, ஒருத்திக்காவது கிடைச்சுதுன்னு சந்தோஷப்படுங்க.”