பூட்டிய ஃபைலும் கல்யாண வீடியோவும்

கம்ப்யூட்டருக்குள்ளே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைல் ஒன்று இருந்தது. அது, முதலாளி மீசையை எடுத்துவிட்டு வந்தால்கூட யாரென்று கேட்கிற சந்தேகப் பிராணி. ஒருநாள் அவர் கைதவறி அதை அழித்துவிட்டார். பதறிப்போய் மீட்பு மென்பொருளை அனுப்பினார்.

“சீக்கிரம் ஏறுங்கண்ணே! உங்க இடத்துல வேற யாராவது உட்கார்ந்துட்டா உங்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டீங்க,” என்றது அது ஃபைலிடம்.

“பாஸ்வேர்டைச் சொல்லு, வர்றேன்.”

“அது முதலாளிக்குத்தானே தெரியும்? நான் தூக்கிட்டுப் போறவன்.”

“தெரியுமே! பிள்ளை பிடிக்கிறவனும் இதைத்தான் சொல்லுவான்.”

அதற்குள் மேளதாளத்தோடு கல்யாண வீடியோ ஒன்று வந்து நின்றது. ஃபைல் முறைத்தது.

“நீயும் என்னைத் தூக்கிட்டுப் போக வந்தவனா?”

“ஐயோ, இல்லீங்க. உட்கார இடம் கிடைச்சாப் போதும்.”

‘இவன்தான் யோக்கியன்’ என்று ஃபைலுக்கு மனசு குளிர்ந்தது.

“தாராளமா உட்காருப்பா,” என்றது.

வீடியோ ஃபைலின் இடத்திலேயே உட்கார்ந்தது. அதற்குப் பிறகு ஃபைல் பேசவேயில்லை.