இன்னொரு ஸ்பூன்

"இன்னொரு ஸ்பூன் குடு, கமலா. உனக்குக் கோடி புண்ணியம்."

"சாயங்காலம்தான்ப்பா இனிமே. டாக்டர் உத்தரவு."

"டாக்டரா அனுபவிக்கிறான்? நான்னா அனுபவிக்கிறேன்! கல்நெஞ்சுக்காரி!"

ரயிலடியிலிருந்து வந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்ற பூமாவுக்கு ரத்தம் கொதித்தது.

சென்னையில் பி.ஏ. படிக்கிறவள். காலேஜ் விவாத மேடையில் இரண்டு வருஷமாக அவளை யாரும் தோற்கடித்ததில்லை. அந்த வாய் அப்பாவிடமிருந்து வந்தது. சௌரிராஜன் ஒரு காலத்தில் திருச்சி கோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல். ஆறு வருஷத்துக்கு முன் காவிரிப் பாலத்தில் ஜட்கா வண்டி கவிழ்ந்து இடுப்பு நொறுங்கியது. வலி அன்று பிடித்ததுதான், விடவில்லை. அபின் கலந்த மருந்துதான் கதி. அண்ணா கோபுவுக்குப் பம்பாயில் உத்தியோகம். மருந்து அலமாரிச் சாவி மன்னி கமலவல்லியின் இடுப்பில்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் பெண்ணாய்ப் பிறந்த நான் இருக்க, அப்பா ஒரு ஸ்பூன் மருந்துக்குப் பிச்சை எடுப்பதா?

மன்னியைத் தேடி நேரே சமையலறைக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மன்னி ஒரு பாத்திரத்திலிருந்து அப்பாவின் மருந்து சீசாவில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றேள், மன்னி?"

கமலவல்லி திடுக்கிட்டுத் தக்கையை அழுத்தினாள். "ஒண்ணுமில்லையே. எப்போ வந்தே? காப்பி கலக்கட்டுமா?"

"கலந்தது போறும்!" பூமா பாத்திரத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "நிலவேம்புக் கஷாயம்! கடைக்காரன்தான் கலப்படம் பண்ணுவான்னு நினைச்சேன். ஆத்துக்குள்ளேயேவா?"

"மெள்ளப் பேசு. அவர் காதிலே விழப்போறது."

"விழட்டுமே! தப்புப் பண்றவாதான் மெள்ளப் பேசணும். வலி அப்பாவுது, மருந்து அப்பாவுது. நடுவிலே தடுக்க நீங்க யாரு? பதில் சொல்லுங்கோ!"

"சொல்ல முடியாதுடி. வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

உள்ளே தொட்டிலில் குழந்தை வீறிட்டது, கமலவல்லி ஓடினாள்.

அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே உடைக்காத புது சீசா. பூமா எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் பாய்ந்தாள்.

"அப்பா, வாயைத் திறங்கோ. கலப்படமில்லாத மருந்து. முன்னே சாப்பிட்ட அதே ரெண்டு ஸ்பூன்!"

"நீதான்டி பெண்!" கிழவர் ஆவலாக வாயைத் திறந்தார்.

பளார்!

பூமாவின் கையிலிருந்த ஸ்பூன் பறந்து போய் ஊஞ்சல் சங்கிலியில் மோதி விழுந்தது. இடுப்பில் குழந்தையோடு கமலவல்லி. அதிர்ந்து பேசாத மன்னி! ஓங்கின கையை இன்னும் இறக்கவில்லை.

"கை நீட்டறேளா, மன்னி?"

"அது இப்போ அவருக்கு விஷம்டி! ஆறு மாசமா, பத்து நாளைக்கு ஒருதரம் துளித்துளியாக் குறைச்சுண்டு வரேன். டாக்டர் எழுதிக் குடுத்த அளவு. வலி ஜாஸ்தியான வாரம் குறைக்காம நிறுத்தி வெச்சேன். கசப்பு மாறினா கண்டுபிடிச்சுடுவார்னுதான் நிலவேம்பு. பாதி மருந்துக்குப் பழகின உடம்பிலே பழைய அளவை ஊத்தினா, தூக்கத்திலேயே மூச்சு நின்னுடும்!"

பூமாவின் கையிலிருந்த சீசா திடீரென்று கனத்தது. இன்னும் ஒரு நிமிஷம் மன்னி தாமதித்திருந்தால்?

"பாதியா?" என்றார் சௌரிராஜன். வைவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. "அப்போ ஏகாதசியன்னிக்குக் கம்பை ஊன்றிண்டு தாயார் சன்னிதி வரைக்கும் நடந்து போய்ச் சேவிச்சேனே? அது பாதி மருந்திலேயா?"

"ஆமாம்ப்பா."

"வலி எப்பவும் போலத்தான் இருக்கு. மருந்துதான் பாதியாப் போயிருக்கு!" கண்ணில் நீர் தளும்பச் சிரித்தார். "வாக்கைக் காப்பாத்தினது போறும், கமலா. அந்தக் காகிதத்தை இவகிட்டே காட்டு."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து நாலாக மடித்த காகிதம் வந்தது. அப்பாவின் கோர்ட்டுக் கையெழுத்து. பூமா உரக்கப் படித்தாள்:

"இன்று மத்தியானம் மருந்து மயக்கத்தில் பேத்தியை மடியிலிருந்து நழுவவிட்டேன். குழந்தை பிழைத்தது தெய்வாதீனம். ஆகையால் என் மாட்டுப்பெண்ணுக்கு எழுதிக்கொடுப்பது: டாக்டர் சொல்கிறபடி மருந்தைக் குறைத்துக்கொண்டு வா. எப்போது, எவ்வளவு என்று என்னிடம் சொல்லாதே. நான் கெஞ்சுவேன், வைவேன், ஊரைக் கூட்டுவேன். மசியாதே."

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. அதை மட்டும் பூமா மனசுக்குள்ளேயே படித்தாள்.

"பூமாவுக்குத் தெரியவேண்டாம். எனக்காக வாதாடுவாள். ஜெயித்தும் விடுவாள்."